ஒரு மயிரிழை கீழே

ஜனவரி 9

சின்னவளுக்கு,

போனை எடுக்கவில்லை என்று நீ எழுதி அனுப்பிய திட்டு வந்து சேர்ந்தது. இவ்வளவு கோவையாகத் திட்ட எப்போது கற்றுக்கொண்டாய்? நன்றாக இருந்தது. டீ ஆறுகிற வரைக்கும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

போனை எடுக்காததற்குப் பழைய கோபம் காரணமில்லை. பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "கேக்குதா? நான் பேசறது கேக்குதா?" என்று கத்துகிற பிழைப்பு என்னுடையது. அது முடிந்தபின் இன்னொரு கருவியைக் காதில் வைக்க வேண்டும் என்றாலே உடம்பு கூசுகிறது. அதனால் கடிதமே எழுது. நீயும் நானும் வாயால் பேசினால் நாலாவது பேச்சில் சண்டை வந்துவிடும். காகிதம் என்றால் கையெழுத்துப் போடுகிற வரைக்குமாவது தாங்கும்.

வருமானத்துக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். நாம் இரண்டு பேரும் ஹோட்டல் வரவேற்பறைகளில் ஜோடியாக வயலின் வாசித்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது அந்த மூலையில் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்துகொண்டு பாடுகிறது. அதற்குச் சாப்பாடும் வேண்டாம், டாக்ஸியும் வேண்டாம். எனவே நான் ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கிறேன். மாடி அறையில் ஜன்னலோரம் மேசை. மேசைமேல் தலையணை, தலையணைமேல் லேப்டாப். எனக்குப் பின்னால் கேமராவுக்குத் தெரிகிற அளவு சுவருக்கு மட்டும் வெள்ளை அடித்திருக்கிறேன். அந்தச் சதுரத்துக்கு வெளியே அடுப்பு, காய்கிற துணி, ஓட்டை பக்கெட். பார்ப்பவர்கள் நான் மாளிகையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

மாணவர்கள் ஆளுக்கொரு ஊர். ஒருவர் பல் டாக்டர். கிளினிக் மூடியதும் அந்த நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டு வாசிப்பார். இன்னொருவர் ரிட்டயரான பேங்க் மேனேஜர். வில்லைப் பேனா மாதிரி பிடிப்பார், சொன்னாலும் திருந்த மாட்டார். ஒரு பெண் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். நான் சொல்லி முடிக்கும் முன் வாசித்துவிடுவாள். முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்திருக்கிறேன். காது என்றால் அவளுக்குத்தான் காது. அப்புறம் சில வாண்டுகள்.

ஆன்லைனில் சேர்ந்து வாசிக்க முடியாது, தெரியுமா? ஒருவர் சத்தம் இன்னொருவருக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். அதனால் எனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். ஆரம்பத்தில் கம்பிகளைச் சுருதி கூட்டும்போது மட்டும் போனில் ஊசி ஆடுகிற ஒரு செயலியை வைத்துச் சரிபார்ப்பேன். ஊசி நடுக்கோட்டில் நின்றால் சுருதி சரி. அதன்பின் ஊசியை மூடிவிடுவேன். சன்னக் கம்பியின் உச்சி ஸ்வரத்துக்கு, மாணவரை மியூட்டில் போடச் சொல்லிவிட்டு நான் நீளமாக இழுப்பேன். அவர்கள் விரலை நகர்த்தி நகர்த்தி என் ஸ்வரத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் படித்தால்தான் காது வளரும்.

நெட்தான் என் உயிரை வாங்குகிறது. சன்னக் கம்பியின் சத்தத்தைத் தின்றுவிடுகிறது. சண்டை போட்டு வேறு கம்பெனிக்கு மாறினேன். அவனும் தின்கிறான்.

மாப்பிள்ளையையும் பையனையும் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஜனவரி 21

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. சிரித்தேன். சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

எங்கள் கண்ணாடிக் கடைக்கு நேற்று ஒரு லாரி டிரைவர் வந்தார். வரிசையில் காத்திருக்கும்போதே சுவரில் இருந்த எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவிட்டார். நான் பலகையை மாற்றி மாட்டினேன். அது தெரியாமல் பழைய எழுத்துகளையே கடகடவென்று ஒப்பித்தார். "பாஸ்தானேம்மா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். பார்வை போய்விட்டால் வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு.

அவரைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது. கோபப்படாமல் படி.

போன முறை நீ போனை எடுத்தபோது, பையனுக்கு ஜுரம், பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை என்று சொன்னேன். "ரொம்ப சந்தோஷம், நல்லா இருக்கட்டும்" என்றாய். அன்றைக்குச் சுருக்கென்றது. என்மேல் உள்ள கோபத்தைப் பிள்ளைமேல் காட்டுகிறாய் என்று இவரிடம் அழுதேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

இரண்டு கம்பெனியும் ஒரே மாதிரி சன்னக் கம்பியை மட்டும் எப்படித் தின்னும் அக்கா?

நான் வாசிப்பதை விட்டுவிட்டுக் கடை வேலைக்குப் போன அன்று, ஹோட்டல் பின்வாசலில் நின்றுகொண்டு நீ சொன்னது நினைவிருக்கிறதா? "உனக்குக் காதே கிடையாது. நீ போறதால எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல." அதன்பின் நான் வயலின் பெட்டியைத் திறக்கவில்லை. அந்தக் காது இல்லாதவள் கேட்கிறேன். உன் காதை யாரிடமாவது காட்டினாயா?

சின்னவள்


பிப்ரவரி 1

சின்னவளுக்கு,

கண்ணாடி விற்கப் போனவள் காது டாக்டர் ஆகிவிட்டாயா? இதற்குப் படிப்பு எதுவும் வேண்டாமா?

என் காதைப் பற்றி நீ பேசாதே. ஹோட்டலில் தட்டு, கரண்டிச் சத்தத்துக்கு நடுவில், உன் கம்பி இறங்கியிருக்கிறது என்று கண்ணாலேயே ஜாடை காட்டிக்கொண்டிருந்தவள் நான். நீ விட்டுப் போனாய். நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அது உனக்குப் பொறுக்கவில்லை.

பையனுக்கு ஜுரம் என்பது எனக்குத் தெரியாது. அதற்கு மட்டும் மன்னிப்பு.

அக்கா


பிப்ரவரி 18

சின்னவளுக்கு,

நீ பதில் போடவில்லை. போடாதே. நானே எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். எனக்கு யார் இருக்கிறார்கள்?

நேற்று பல் டாக்டரின் வகுப்பு. சுருதி கூட்டினோம். நடுவில் அவர் உதவியாளர் கதவைத் திறந்து ஏதோ கேட்டார். டாக்டர் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து வாசிக்க ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டு நன்றாகத் தளர்ந்திருந்தது. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பாட்டு முழுவதும் வாசித்தார். நான் தலையை ஆட்டினேன், தாளம் போட்டேன். முடித்ததும், "அருமை டாக்டர்! ரெண்டாவது வரியில மட்டும் கொஞ்சம் அவசரம். கடைசி ஸ்வரம் இன்னும் இனிமையா வரணும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கை மேசைக்குப் போனது. திடீரென்று ஹெட்போனில் அவர் மூச்சுச் சத்தம் வந்தது.

"டீச்சர், நான் இவ்வளவு நேரம் மியூட்லதான் இருந்தேன் போல."

அந்த மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தியிருக்கலாம், ஏமாற்றுக்காரி என்று சொல்லியிருக்கலாம். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நெட் பிரச்சினையா இருக்கும் டீச்சர். இப்பல்லாம் நெட்டே சரியில்ல" என்றார். நான் எல்லாரிடமும் சொல்லும் பொய்யை எனக்கே தானமாகக் கொடுத்தார்.

ஆமாம். எனக்குக் கேட்கவில்லை. பேச்சு கேட்கிறது, சத்தத்தை முழுதாக ஏற்றி வைத்தால். தடிக் கம்பி கேட்கிறது. சன்னக் கம்பி எங்கேயோ பக்கத்து வீட்டில் கேட்கிற மாதிரி இருக்கிறது. ரொம்ப நாளாகக் கண்ணை வைத்துத்தான் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உன் லாரி டிரைவர் மாதிரி. கையைப் பார்த்தால் சத்தம் என்னவென்று தெரிந்துவிடும் என்று நானே நம்பிவிட்டேன்.

இது வெளியே தெரிந்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். வேறு என்ன வேலை தெரியும் எனக்கு? என்ன செய்வதென்று தெரியவில்லை.

அக்கா


பிப்ரவரி 26

அக்காவுக்கு,

கடையில் வைத்தே படித்தேன். மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி, "என்னம்மா, யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டாள். அந்த மாதிரி இருந்திருக்கிறது என் முகம்.

நான் இரண்டு விஷயம் சொல்கிறேன். இரண்டுக்கும் நீ சண்டை போடக் கூடாது.

முதலில் காது டாக்டரிடம் போ. நாளைக்கு, நாளன்றைக்கு என்று ஜவ்வாக இழுக்காதே.

இரண்டாவது, வகுப்புகளையெல்லாம் சாயங்காலத்துக்கு மாற்று. கடை முடிந்ததும் பின்னால் லென்ஸ் தேய்க்கிற அறை காலியாகத்தான் இருக்கும். நான் அங்கே உட்கார்ந்து உன் வகுப்பில் சேர்ந்துகொள்கிறேன். என் கேமரா மூடியிருக்கும். பெயர் கேட்டால் உதவியாளர், குறிப்பெடுக்கிறவள் என்று சொல். மாணவர் வாசிக்கும்போது நான் கேட்டு, உன் திரையில் சாட் பெட்டிக்கு மட்டும் எழுதி அனுப்புகிறேன். "மூணாவது வரி கீழே", "வில் கரகரக்குது" என்று. நீ படித்து, உன் பாணியில் சொல். உன் கண்ணும் என் காதும் சேர்ந்தால் ஒரு முழு டீச்சர் தேறுவாள்.

எனக்குக் காது கிடையாது என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. மன்னித்துவிட்டேனா என்றும் தெரியவில்லை. ஆனால் இருப்பதை வைத்துத்தானே சமாளிக்க வேண்டும்.

சின்னவள்


ஏப்ரல் 3

சின்னவளுக்கு,

உதவியாளர் வைத்திருக்கிற பெரிய டீச்சர் ஆகிவிட்டேன்! பேங்க் மேனேஜர் போன வாரம், "உங்க ஸ்தாபனத்துல மொத்தம் எத்தனை ஸ்டாஃப்?" என்று கேட்டார். கேமராவில் தெரியாத ஓட்டை பக்கெட்டையும் சேர்த்துச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

நீ எழுதுகிறது எனக்குப் பிடித்திருக்கிறது. "டாக்டர் இன்னிக்கு யார் பல்லையோ பிடுங்கிட்டு வந்த வேகத்துல வாசிக்கிறார்" என்று எழுதினாயே, வகுப்பு நடுவில் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினேன். அவர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். மியூட் சமாச்சாரத்தைப் பற்றி அவர் மறுபடி வாயே திறக்கவில்லை. இரண்டு பேர் விட்டுப் போயிருந்தார்கள், ஒருவர் திரும்ப வந்துவிட்டார்.

காது டாக்டரிடமும் போனேன். சின்னப் பெண். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள். நான் அழுத்தினேன், மறுபடி அழுத்தினேன். கதவைத் திறந்துகொண்டு வந்து, "அம்மா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றாள். என்ன செய்வது, மானம் போய்விட்டது.

போனது திரும்பாதாம். ஹெட்போனை உச்சத்தில் வைத்து வைத்து, இருந்ததையும் தேய்த்துவிட்டேனாம். மெஷின் வைத்தால் பேச்சுக்கு உதவும், சங்கீதத்துக்குச் சந்தேகம் என்றாள். சிலருக்கு உச்சியில் உள்ள சத்தம் இருப்பதைவிட உயரமாகவும் கேட்குமாம். எனக்கு அந்தக் கோளாறெல்லாம் கிடையாது, என் சுருதி என் விரலில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முந்திரிக்கொட்டைக்கு ஜூனில் இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வு. அவள் உள்ளே போய்விட்டால் அவள் பெயரைச் சொல்லியே பத்துப் பேர் என்னிடம் வருவார்கள். அதைத்தான் மலைபோல் நம்பியிருக்கிறேன். உச்சி ஸ்வரத்தை அவளைத் தினமும் என்னோடு சேர்த்து இழுக்கச் சொல்கிறேன். வீட்டிலும் என் பதிவைப் போட்டுவிட்டு அதோடு சேர்ந்து வாசிக்கிறாளாம். கெட்டிக்காரி.

ஒன்று கேட்க வேண்டும். முன்பெல்லாம் சரமாரியாக எழுதுவாய். இப்போது சன்னக் கம்பிக்கு வந்ததும் வெறும் "சரி" என்று மட்டும் வருகிறது. தூங்கிவிடுகிறாயா?

அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

தூங்கவில்லை. லென்ஸ் தேய்க்கிற அறையில் தூசி அதிகம், கண் எரிகிறது. கடையிலும் வேலை ஜாஸ்தி. இவரும், "அக்காவுக்காகப் பண்றே, சரி. எத்தனை நாளைக்கு?" என்று கேட்கிறார். தப்பாகக் கேட்கவில்லை. பையன் தனியாகச் சாப்பிடுகிறான்.

முந்திரிக்கொட்டை நன்றாகத்தான் வாசிக்கிறாள். வில் அவ்வளவு அழகாக ஓடுகிறது. நீ சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிறாள். அப்படியே.

இன்னொன்றும் எழுதினேன். எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நேரில் பார்க்கும்போது சொல்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை.

பதிவோடு சேர்ந்து வாசிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, வீட்டில் அவளை அந்த ஊசியை வைத்துப் பழகச் சொல்லேன். சும்மா ஒரு யோசனைதான்.

மெஷின் வாங்கிக்கொள்.

சின்னவள்


ஜூன் 14

சின்னவளுக்கு,

முந்திரிக்கொட்டையைத் தள்ளிவிட்டார்கள்.

நேற்று அவள் அம்மா திரையில் வந்து உட்கார்ந்தாள். பெண் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். தேர்வில் பாதியிலேயே நிறுத்தச் சொன்னார்களாம். உச்சியில் போய் நின்றதும் ஒருவர் கையைக் காட்டினாராம். மறுபடி வாசிக்கச் சொன்னார்களாம். மறுபடியும் அப்படியே. "கை நல்லா இருக்கும்மா. ஆனா உனக்குக் காது இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்குக் காது இல்லையாம்! அம்மாக்காரி என்னைப் பார்த்து, "நீங்க ஒரு நாள் கூட அது தப்புன்னு சொல்லலையே டீச்சர்" என்றாள்.

நான் எப்படிச் சொல்வேன்? சொல்ல வேண்டியவள் நீ! அதற்குத்தானே அங்கே உட்கார்ந்திருந்தாய்? சரி, சரி, சரி என்று எழுதித் தள்ளினாயே! கண் எரிகிறது, வேலை ஜாஸ்தி என்று அரைக் காதால் கேட்டிருக்கிறாய். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டாய். என் பிழைப்பிலும் போட்டுவிட்டாய்.

அன்றைக்குப் பின்வாசலில் நான் சொன்னது ஒன்றும் தப்பில்லை. உனக்குக் காது கிடையாது.

அக்கா


ஜூன் 20

அக்கா,

இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

உன் வகுப்பில் சேர்ந்த புதிதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பல் டாக்டர் சன்னக் கம்பியின் உச்சிக்குப் போகும்போது ஒரு மயிரிழை கீழே நிற்கிறார். சரி, அவர் விரல் குட்டை என்று நினைத்தேன். அடுத்து ஒரு வாண்டு வந்தது. அதுவும் அங்கேயே, அதே மயிரிழை கீழே. அப்புறம் முந்திரிக்கொட்டை. ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு வயலின், தப்பு மட்டும் ஒன்று. பேங்க் மேனேஜர் ஒருவர்தான் சில நாள் சரியாக வாசிப்பார், அதுவும் உன்னைக் கவனிக்காத நாளில்.

அப்புறம் நீ அந்த ஸ்வரத்தை இழுத்துக் காட்டினாய்.

கீழே இருப்பது நீ அக்கா. அவர்கள் உன்னோடு சேர்ந்துகொண்டார்கள். உன் மாணவர்களில் யாருக்குக் காது நன்றாக இருக்கிறதோ அவர்கள்தான் அதிகத் தப்பாக வாசிக்கிறார்கள். உன்னை அப்படியே பிடித்துவிடுகிறார்கள். முந்திரிக்கொட்டைக்கு இருப்பது தங்கமான காது. அதனால்தான் அவளைத் தள்ளினார்கள்.

எப்படிச் சொல்வது? முதல் நாள் "கீழே" என்று தட்டினேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டு "சரி" என்று அனுப்பினேன். நீ உடனே திரையில் சிரித்தாய். ஹோட்டலில் நன்றாக வாசித்து முடித்தால் என் பக்கம் திரும்பிச் சிரிப்பாயே, அதே சிரிப்பு. எத்தனையோ வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு. அதற்கு ஆசைப்பட்டு அடுத்த நாளும் "சரி" போட்டேன். அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டது நான்தான், நீ சொன்னது சரி. ஆனால் எனக்குக் கேட்காததால் இல்லை. கேட்டதால்.

ஊசியை எல்லார் பக்கமும் காட்டினாய். ஒரு தடவை உன் பக்கம் திருப்பு. சன்னக் கம்பியின் உச்சிக்குப் போய் உன் விரலை வை.

சின்னவள்


ஜூலை 25

சின்னவளுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. முதலில் உன் கடிதத்தைக் கசக்கி அந்த ஓட்டை பக்கெட்டில் போட்டேன். அப்புறம் எடுத்து நீவி, தலையணைக்கு அடியில் வைத்தேன். வயலின் பக்கமே போகவில்லை. மாணவர்களிடம் ஜுரம் என்று சொல்லி வகுப்புகளை நிறுத்தினேன்.

பிறகு ஒரு நாள் போனை எதிரில் நிறுத்தி வைத்துவிட்டு வாசித்தேன். எனக்கு இனிமையாக இருந்த இடத்தில் ஊசி நடுக்கோட்டை எட்டாமல் கீழேயே நின்றுவிட்டது. மறுபடி, மறுபடி. ஊசி நடுவில் நிற்கிற வரைக்கும் விரலை ஏற்றினேன். நின்றது. சின்னவளே, அது என் காதுக்கு நாராசமாக இருந்தது. உலகத்துக்குச் சரியானது எனக்கு நாராசம். எனக்குச் சரியானது உலகத்துக்கு நாராசம். ஊசியைப் பார்த்துக்கொண்டே வாசிக்கலாம்தான். ஆனால் நாராசத்தை எப்படி ஆசையோடு சொல்லிக்கொடுப்பது?

உச்சிச் சத்தம் உயரமாகக் கேட்கும் என்று காது டாக்டர் பெண் சொன்னபோதே கேட்டிருக்கலாம், அதனால்தான் என் விரல் தன்னால் கீழே இறங்கியிருக்கிறது. கேட்கிற நிலையில்தான் நான் இல்லையே.

எல்லாரையும் தனித்தனியாக அழைத்துச் சொல்லிவிட்டேன். எனக்குக் கேட்கவில்லை, உங்களுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், வேறு டீச்சரிடம் போய் முதல் வேலையாக அந்த விரலைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று. பேங்க் மேனேஜர், "அப்ப நான் வாசிச்சதெல்லாம் சரிதானா?" என்று கேட்டார். பாவம், ஒருத்தராவது சந்தோஷப்படட்டும் என்று ஆமாம் என்றேன். பல் டாக்டர் தனக்கு மேடையும் வேண்டாம், தேர்வும் வேண்டாம், இப்படியே போகட்டும் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். முந்திரிக்கொட்டையின் அம்மா முழுதாகக் கேட்காமலே வைத்துவிட்டாள்.

கடைசி வகுப்பு உனக்குத் தெரியும், உனக்கும் அழைப்பு அனுப்பினேன், நீயும் கேமராவை மூடிக்கொண்டு இருந்தாய். எல்லாரையும் ஒரே நேரத்தில் வரச் சொன்னேன். முந்திரிக்கொட்டையும் வந்தாள். அம்மாவுக்குத் தெரியுமோ என்னவோ. ஆன்லைனில் சேர்ந்து வாசிக்கக் கூடாது என்று இத்தனை நாள் கத்தினவள் நான்தான். அன்றைக்கு, எல்லாரும் மியூட்டை எடுத்துவிட்டுச் சேர்ந்து வாசியுங்கள் என்றேன். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். எல்லாக் கட்டத்திலும் வில் போய் வந்தது. ஒரு கை மேலே போகும்போது ஒரு கை கீழே வந்தது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். நான் ஒரு சத்தமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழ்வீட்டுத் தையல்கடையில் பட்டன் கட்டவும் ஓரம் மடிக்கவும் ஆள் தேடுகிறார்கள். நாளை முதல் போகிறேன். மெஷின்கள் போடுகிற இரைச்சலில் அங்கே யாருக்கும் எதுவும் கேட்காது, எல்லாரும் ஜாடையில்தான் பேசுகிறார்கள். எனக்கு ஏற்ற இடம். உன் வீட்டுக்கு வரச் சொல்லி எழுதாதே. வர மாட்டேன். மாப்பிள்ளை எத்தனை நாளைக்கு என்று கேட்டாரே, அது நியாயமான கேள்வி.

வயலின் கம்பிகளைத் தளர்த்திப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

பின்வாசலில் சொன்னதையும், போன கடிதத்தில் சொன்னதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நம் இரண்டு பேரில் காது உனக்குத்தான் இருந்திருக்கிறது. அதை வீணாக்கிவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு அவர்கள் எல்லாரும் சேர்ந்து வாசித்தது எப்படி இருந்தது? இந்த ஒரு தடவை "சரி" என்று எழுதாதே.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

உள்ளபடியே எழுதுகிறேன்.

காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. ஆளுக்கு ஆள் முன்னும் பின்னுமாக வந்தார்கள். யார் சத்தம் பெரிதோ அவர்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களைக் கம்ப்யூட்டர் அமுக்கியது. துண்டு துண்டாக வந்தது. மேனேஜர் வேறு எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு வாண்டு பாதியில் அழுதது.

உச்சி ஸ்வரத்துக்கு வந்தபோதும் யாரும் சேர்ந்து வரவில்லை. முதலில் முந்திரிக்கொட்டை போய்ச் சேர்ந்தாள், வழக்கம்போல. அப்புறம் டாக்டர். அப்புறம் ஒவ்வொருவராக அந்த வாண்டுகள். எல்லாரும் ஒரு மயிரிழை கீழே. வேறு எந்த இடத்திலும் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அந்த இடத்தில் மட்டும் எல்லாரும் ஒரே ஆள் வாசிக்கிற மாதிரி, உன்னை மாதிரி வாசித்தார்கள். தேர்வு அறையில் இருந்தவர்களுக்கு அது தப்பு. இனி வருகிற டீச்சர்கள் அதை ஒவ்வொரு விரலிலிருந்தும் எடுத்துவிடுவார்கள். எடுக்கத்தான் வேண்டும்.

உன்னை வரச் சொல்லி எழுதவில்லை. நீ வர மாட்டாய் என்று தெரியும்.

நேற்று இவரும் பையனும் வெளியே போனபின் என் வயலின் பெட்டியைத் திறந்தேன். ஒரு கம்பி அறுந்திருந்தது, நல்லவேளை சன்னக் கம்பி இல்லை. உன் வகுப்பின் பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது, நீ உச்சி ஸ்வரத்தை நீளமாக இழுத்துக் காட்டுகிற பதிவு. அதைப் போட்டுவிட்டு நானும் வில்லை வைத்தேன். என் விரல் பழைய பழக்கத்தில் சரியான இடத்தில்தான் விழுந்தது. உன்னோடு சேரவில்லை. இரண்டும் ஒன்றையொன்று பிறாண்டின. விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். ஓர் இடத்தில் பிறாண்டல் நின்றது. எது நீ, எது நான் என்று எனக்கே தெரியவில்லை. பதிவு முடிகிற வரைக்கும் அங்கேயே விரலை வைத்துக்கொண்டு வாசித்தேன்.

உனக்குக் கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

சின்னவள்